குறுக்கே வெட்டிய பெல்ட்

செப். 16, திங்கள்

விடியற்காலையிலிருந்து தூறல். குடையில் ஒரு கம்பி போய்விட்டது. பிள்ளைப்பாக்கம் நிறுத்தத்தில் இருபது நிமிடம் நின்றேன். பஸ்ஸில் முன்சீட்டில் இரண்டு பேர், நிலப் பேச்சு. "இப்ப வுட்டா அப்பறம் கெடைக்காது. கம்பெனிக்காரன் வந்துகினே கீறான்." கேட்டுக்கொண்டிருந்தவர் எப்போதோ தூங்கிவிட்டார். இவர் விடாமல் பேசிக்கொண்டு வந்தார்.

பழைய நோட்டு தீர்ந்தது. புது நோட்டு, அதனால் எல்லாம் முதலிலிருந்து.

இறக்குமதி மேசைக்கு வந்து இன்றோடு மூன்று மாதம். அதற்கு முன் எட்டு வருடம் தட்டச்சு அறை. அங்கே ஜன்னல் கிடையாது. இங்கே உண்டு. வெளியே ஒரு வேப்பமரம், அதற்குப் பின்னால் அசெம்பிளி ஷெட். பத்து மணிக்கு சேவியர் டீ குடிக்க வெளியே வருவது தெரியும். கட்டின புருஷனை ஜன்னல் வழியாகப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம். அவரிடம் சொன்னதில்லை.

மேனேஜர் வரதராஜன் சார் (இனி மே.) ஜூனில் சொன்னது: "மூணு மாசம் பாக்கறேம்மா. சரிவரலைன்னா மெட்ராஸ் ஆபீஸ்லேர்ந்து ஆள் கேப்பேன், நீ பழைய எடத்துக்குப் போயிடணும்." மூன்று மாதம் முடிந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால்தானே பதில் வரும்.

ஒரே ஒரு குறை. நான் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்திலும் கையெழுத்துக்கு மேல் "மேனேஜருக்காக" என்று அடிக்க வேண்டும். அதற்குக் கீழே ஜோசப்பின். எட்டு வருடம் அவருக்காக அடித்தேன், இப்போது அவருக்காகக் கையெழுத்தும்.

செய்ய வேண்டியவை:
டைப்ரைட்டர் ரிப்பன்
அத்தைக்குக் கண் சொட்டு மருந்து
குடை (ரிப்பேரா, புதுசா?)
ஜப்பான் பெல்ட். கப்பல் வந்தாயிற்று. பாஷா பாய்க்கு போன்.

இந்தப் பெல்ட்தான் இந்த மாதம் முழுக்க. நாங்கள் செய்வது நூல் சுற்றும் மிஷின். கோயம்புத்தூர் மில் ஒன்றுக்குப் பன்னிரண்டு மிஷின், மாதக் கடைசிக்குள் லாரி ஏற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு டைமிங் பெல்ட். உள்பக்கம் பல் வைத்த ரப்பர் பெல்ட், இரண்டு சக்கரத்தையும் பல் பிசகாமல் ஒன்றாகச் சுற்ற வைக்கும். அது மட்டும் இங்கே கிடைக்காது. நான் பதினைந்து என்று எழுதினேன். மே. அடித்துப் பன்னிரண்டு ஆக்கினார். "டாலர் இருக்கற இருப்புல உனக்கு ஸ்பேர் கேக்குதா?"

பன்னிரண்டு மிஷின், பன்னிரண்டு பெல்ட். சரி.

செப். 17, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். மதியம் புளிசாதம், அப்பளம் நமுத்துவிட்டது.

மூன்று மணிக்கு பாஷா பாயின் போன். துறைமுகத்தில் நம் சரக்கை வெளியே எடுத்துத் தருகிற ஏஜென்ட் அவர். எப்போதும் சிரித்துக்கொண்டே பேசுவார். இன்று சிரிப்பு இல்லை.

"சிஸ்டர், பெல்ட்ட நிறுத்திட்டாரு ஆபீசர்."

"ஏன் பாய்?"

"வி-பெல்ட்டுன்றாரு. வி-பெல்ட்டு நம்ம ஊர்லயே செய்யறான், வெளிநாட்லேர்ந்து கொண்டாறதுன்னா தனியா லைசென்ஸ் வோணும். லைசென்ஸ் கீதா உங்கிட்ட?"

இல்லை. வாங்குவதென்றால் டில்லி. மாதக்கணக்கு.

"இது வி-பெல்ட் இல்ல பாய், பல் பெல்ட்."

"எனுக்குத் தெரியும் சிஸ்டர். பேப்பர் அப்டி சொல்லலியே."

பேப்பர் அடித்தது நான்.

வீட்டுக்கு வந்து சேவியரிடம் சொல்லவில்லை. ரசத்தில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன். அத்தை ரசத்தில் வெந்நீர் ஊற்றிக்கொண்டார். அது திட்டுவதைவிட மோசம்.

செப். 18, புதன்

காலை எட்டுக்கே ஆபீஸ். ஃபைலை எடுத்தேன்.

ஜப்பான்காரன் விலைப்பட்டியலில் சரியாகத்தான் போட்டிருக்கிறான்: சரிவகப் பல் கொண்ட ரப்பர் டைமிங் பெல்ட். நான் சுங்கத்துக்கு அடித்த விவரத்தாளில்: சரிவக ரப்பர் பெல்ட்.

பல் எங்கே போயிற்று? நினைவு வந்துவிட்டது. கட்டம் சின்னது. முழுதும் அடித்தால் ஒரு வரி கோட்டுக்கு வெளியே போகும். எட்டு வருடத் தட்டச்சுக்காரி, ஓரம் கோணலாகப் போனால் கை பொறுக்காது. "சரிவக" என்பது தொழில்நுட்ப வார்த்தை, இருந்தால் கெத்தாக இருக்கும் என்று அதை வைத்துக்கொண்டு, பல்லையும் டைமிங்கையும் வெட்டி, அழகாகக் கட்டத்துக்குள் அடைத்திருக்கிறேன். ஓரம் நேர்கோடு. சரக்கு துறைமுகத்தில்.

சரியான முந்திரிக்கொட்டை நான்.

மே. அலமாரியிலிருந்து தீர்வைப் புத்தகம் வாங்கி வந்து படித்தேன். முதலில் மிஷின் பாகங்கள் அத்தியாயம். இது மிஷின் உதிரிதானே, அதில் சேராதா என்று. சேராது. ரப்பர் பெல்ட்டுகள் மிஷின் பாகத்தில் வராது, ரப்பர் அத்தியாயத்துக்கே போக வேண்டும் என்று குறிப்பே போட்டிருக்கிறான். தலைப்பு எண் 40.10. அதற்குள் பிரிவுகள். முதல் பிரிவு, குறுக்குவெட்டு சரிவகமாக உள்ளவை. அதுதான் வி-பெல்ட். மேலே அகலம், கீழே ஒடுக்கம், பள்ளத்தில் உட்கார்ந்து ஓடுவது. பிறகு இருபது செ.மீ.க்கு மேல் அகலமானவை. கடைசியில் "மற்றவை".

நாம் மற்றவை. அதற்கு லைசென்ஸ் தொல்லை இல்லை. ஆனால் என் பேப்பரில் சரிவகம் என்று இருக்கிறது, அவர் முதல் பிரிவில் போட்டுவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எழுதியிருப்பதைத்தானே படிப்பார்.

இருபது தடவை படித்தேன். பல்லும் சரிவகம்தானே, அப்புறம் எப்படி இது சரிவகம் இல்லை என்று சொல்வது? புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் தலையில் குட்டிய இடம் இன்னும் வலிக்கிறது போல இருந்தது.

மே.யிடம் சொன்னேன். என் தப்பு என்றும் சொன்னேன். அவர் கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா திங்கள் மெட்ராஸுக்கு எழுதிடுவேன். எனக்கும் வேற வழியில்லம்மா."

ஜன்னல் போய்விடும். வேப்பமரம், பத்து மணி டீ, எல்லாம். மதியம் கக்கூஸில் போய்க் கொஞ்சம் அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு ரிப்பன் மாற்றினேன். விரலெல்லாம் மை.

செப். 19, வியாழன்

சாயங்காலம் நல்ல மழை. வீட்டுக்குள் இரண்டு இடத்தில் ஒழுகல். இரண்டு குண்டான்.

நேற்று இரவு சேவியரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். இன்று ஷிப்ட் முடிந்து சட்டைக்குள் எதையோ வைத்துக்கொண்டு வந்தார். பழைய டைமிங் பெல்ட். மாதிரி மிஷினில் ஒரு வருடம் ஓடியது, பல் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது.

"கேட் பாஸ் போட்டுத்தான் எட்த்தாந்தேன். கையில வெச்சிப் பாத்தா புரியும். காலீல திருப்பித் தரணும், இன்னா?"

வாங்கி அருவாமனை பக்கத்தில் வைத்துவிட்டு வெண்டைக்காய் நறுக்க உட்கார்ந்தேன். மனசெல்லாம் சரிவகம். வெண்டைக்காயை எப்போதும் போல வட்ட வட்டமாக நறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு துண்டு உருண்டு பெல்ட் மேல் போய் விழுந்தது. ஐந்து மூலை, நடுவில் விதை. முழுக்காயைப் பார்த்தால் இந்த ஐந்து மூலை தெரியுமா? தெரியாது. நீட்டமாக, கூராக இருக்கும். குறுக்கே வெட்டினால்தான் தெரியும்.

குறுக்கு வெட்டு!

பக்கவாட்டில் பார்த்தால் பல் சரிவகம். ஆனால் புத்தகம் பக்கவாட்டில் பார்க்கச் சொல்லவில்லையே. குறுக்கே வெட்டிப் பார்க்கச் சொல்கிறது. வெண்டைக்காயைத் தள்ளிவிட்டுப் பெல்ட்டை அருவாமனையில் வைத்து இழுத்தேன். உள்ளே நரம்பு நரம்பாக ஏதோ நூல், லேசில் அறுபடவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினேன். அறுந்தது. வெட்டுவாயைப் பார்த்தேன். செவ்வகம். பல் இருக்கும் இடத்தில் வெட்டினேன், தடித்த செவ்வகம். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே வெட்டினேன், மெல்லிய செவ்வகம். எப்படி வெட்டினாலும் செவ்வகம். சரிவகம் எங்குமே இல்லை.

சிரித்தேன். கையில் பெல்ட் துண்டோடு தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

சேவியர் கை கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

"இன்னா ஜோசி பண்ட்ட?"

"பாருங்க, செவ்வகம்."

"அத்தத் திருப்பித் தரணும்னு சொன்னனே."

அதற்கப்புறம்தான் உறைத்தது. கேட் பாஸ். திருப்பித் தர வேண்டியது. மூன்று துண்டு.

மூன்று துண்டையும் எடுத்துச் சேர்த்துவைத்துப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். "சரி வுடு. ஆத்திர அவசரத்துக்கு அது ஒண்ணுதான் இர்ந்துச்சி. அதுவும் கொயம்புக்குப் போச்சி."

அத்தை மட்டும், "அருவாமனையில டயர் நாத்தம் அடிக்குது, இதுல நாளைக்கு மீன் ஆயணுமா?" என்று சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்தார். பாவம். வெண்டைக்காய்க் குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

செப். 20, வெள்ளி

எழுத நிறைய. கை வலி. இருந்தாலும்.

ஐந்தரைக்குக் கிளம்பினேன். ஒரகடத்திலிருந்து தாம்பரம் பஸ். படப்பை தாண்டியதும் உட்கார இடம். தாம்பரத்தில் எலக்ட்ரிக் ரயில், பீச் வரை. பையில் பெல்ட் துண்டுகள், விலைப்பட்டியல், தீர்வைப் புத்தகம், இட்லி நான்கு.

பாஷா பாய் ஸ்டேஷன் வாசலிலேயே. "இன்னா சிஸ்டர், மூஞ்சி தெளிவா கீது?"

துண்டைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். இருபது வருடமாகப் பெல்ட் எடுத்துத் தருகிறாராம், ஒன்றைக்கூட வெட்டிப் பார்த்ததில்லையாம்.

சுங்க ஆபீஸில், நம் சரக்கை நிறுத்திய அப்ரைசர் ஐம்பது வயதுக்காரர். மேசை மேல் மிளகு போட்ட மோர் டம்ளர், அதன் மேல் மூடி. நான் சொன்னதை முழுதும் கேட்டார். புத்தகத்தைக் காட்டினேன். தலையாட்டினார். துண்டைக் காட்டினேன். விரலால் தடவினார்.

"சொல்றது சரியாத்தாம்மா இருக்கு. ஆனா இது நீங்க வீட்லேர்ந்து கொண்டு வந்த துண்டு. பெட்டிக்குள்ள இருக்கறது இதுதான்னு நான் எப்படி எழுதறது?"

நியாயம். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் நியாயம்.

"பெட்டியப் பிரிச்சு ஒண்ண வெட்டிக் காட்டினா பாக்கறேன். சம்மதமா? உங்க சரக்கு, நீங்கதான் சொல்லணும்."

பன்னிரண்டு மிஷின், பன்னிரண்டு பெல்ட். ஒன்றை வெட்டினால் ஒரு மிஷின் நிற்கும். ஆத்திர அவசரத்துக்கு இருந்த பழசையும் நேற்றே அருவாமனையில் அறுத்தாயிற்று. மே.யைக் கேட்காமல் எப்படி?

போன் பூத்துக்கு ஓடினேன். லைன் இல்லை. நேற்றைய மழையில் அந்தப் பக்கம் எக்ஸ்சேஞ்ச் படுத்துவிட்டதாம். மூன்று தடவை. பூத்துக்காரப் பெண், "அக்கா, சாயந்தரம்தான் வரும் போல" என்றாள். சாயங்காலம் வெள்ளிக்கிழமை முடிந்துவிடும். பிறகு சுங்கத்துக்கு இரண்டு நாள் லீவு. திங்கட்கிழமை மே. மெட்ராஸுக்கு எழுதிவிடுவார்.

பூத் வாசலில் நின்றேன். பாய் எடுத்த பீடியைப் பற்றவைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். வெட்டாவிட்டால் பன்னிரண்டும் நிற்கும். வெட்டினால் ஒன்று. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிகிற கணக்கு. ஆனால் கம்பெனிச் சாமானை வெட்டச் சொல்ல நான் யார்? மேனேஜருக்காகக் கையெழுத்துப் போடுகிறவள். அவருக்காகத் தப்பும் செய்யலாமா?

"வெட்டலாம் பாய்," என்றேன். என் குரல்தான்.

துறைமுக ஷெட்டில் பெட்டியைப் பிரித்தார்கள். பன்னிரண்டும் எண்ணெய்க் காகிதத்தில், புது ரப்பர் வாசனை. ஒன்றை எடுத்தேன். காகிதத்தை நானே பிரித்தேன். ஷெட் ஆள் ஹாக்ஸா பிளேடு கொண்டு வந்தார். பல் மேல் ஒரு வெட்டு. அப்ரைசர் பார்த்தார்.

"நடுவுல இன்னொண்ணு வெட்டலாமா?"

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் இன்னா மொழம் இன்னா, வெட்டு," என்றார் பாய் ஷெட் ஆளிடம்.

இரண்டாவது வெட்டு. செவ்வகம். அப்ரைசர் பேனாவைத் திறந்தார். சரிவகம் என்பதை அடித்து, மற்றவை என்று எழுதினார். விவரத்தைத் திருத்தி என்னிடமும் கையெழுத்து வாங்கினார். பழக்கதோஷத்தில் "மேனேஜருக்காக" என்று எழுதப் போனேன். "அதெல்லாம் வேணாம். முன்னால நின்னு வெட்டச் சொன்னது யாரோ அவங்க பேர் போதும்," என்றார்.

ஜோசப்பின். வெறும் ஜோசப்பின்.

பிறகு கேட்டார்: "ஒரு துண்டு நான் வெச்சுக்கட்டுமா? இங்க எல்லாருக்கும் காட்டணும்." கொடுத்தேன். மோர் டம்ளர் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

இட்லியை ரயிலில் தின்றேன். நான்கும்.

செப். 21, சனி

அரை நாள். மே.யிடம் நேராகச் சொன்னேன். சரக்கு விடுதலை. பெல்ட் பதினொன்று. ஒன்றை நான்தான் வெட்டச் சொன்னேன். போன் கிடைக்கவில்லை. பழைய பெல்ட்டையும் வீட்டில் நான்தான் அறுத்தேன்.

இந்தத் தடவை கத்தினார். எதிர்பார்த்ததைவிட நீளமாக. ஸ்பேர் இல்லாமல் போனதற்கு என்னைத் திட்டும்போது பாதியில் நிறுத்தினார். பதினைந்தை அடித்துப் பன்னிரண்டாக்கியது யார் என்பது அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் பார்த்தார். "போய் வேலையப் பாரு" என்றார்.

எந்த வேலையை, எந்த மேசையில் என்று சொல்லவில்லை. என் மேசையிலேயே உட்கார்ந்துகொண்டேன். எழுப்பினால் எழுந்துகொள்ளலாம்.

குடை ரிப்பேர் ஆகிவிட்டது. புதுசு வாங்கியிருக்கலாம்.

செப். 24, செவ்வாய்

பெல்ட் வந்தது. ஜன்னலிலிருந்து வேன் தெரிந்தது.

நேற்று திங்கள். மெட்ராஸுக்குக் கடிதம் எதுவும் அடிக்கச் சொல்லவில்லை. தட்டச்சு அறையில் வேறு யாரையாவது அடிக்கச் சொன்னாரா என்று விசாரித்தேன். இல்லை. விசாரித்ததில் வெட்கமில்லை.

மதியம் ஷெட்டுக்குப் போனேன். சேவியர் முதல் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார். சக்கரத்தில் பல் போய் உட்கார்ந்ததும் கையால் சுற்றிக் காட்டினார். ஒரு சத்தம் இல்லை. "பாத்தியா, பட்டு மாரி." எனக்குப் பார்க்கத் தெரிந்தது ரப்பர்தான். ஆனால் அவர் முகம் நன்றாக இருந்தது.

செப். 28, சனி

வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

பதினொரு மிஷின் லாரி ஏறிற்று. மில்காரரிடம் மே. போனில் பேசியது கேட்டது: "பன்னெண்டாவது அடுத்த மாசம் சார்... இல்ல சார், கஸ்டம்ஸ்ல ஒண்ண வெட்டிப் பாத்துட்டாங்க... ஆமா சார், எங்க பொண்ணுதான் வெட்டச் சொல்லிச்சு. அதனாலதான் இந்தப் பதினொண்ணாச்சும் வருது."

எங்க பொண்ணு. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

செப். 30, திங்கள்

காலையில் தெளிவான வானம். அத்தைக்குப் புது அருவாமனை வாங்கியாயிற்று, பழசு தோட்டத்துக்கு. மீன் குழம்பு. டயர் நாற்றம் இல்லை.

மே. கூப்பிட்டார். பெல்ட்டுக்குப் புது ஆர்டர் போடச் சொன்னார்.

"எத்தனை சார்?"

"நீதான் எழுதேன்."

நான்கு என்று எழுதினேன். மிஷினுக்கு ஒன்று, ஸ்பேர் இரண்டு, வெட்டிப் பார்க்க ஒன்று. அடித்து எடுத்துப்போய் அவரிடம் நீட்டினேன். விவரத்தில் ஒரு வரி கோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. சரிவகப் பல் கொண்ட ரப்பர் டைமிங் பெல்ட், குறுக்குவெட்டு செவ்வகம். பார்க்கச் சகிக்கவில்லை. விட்டுவிட்டேன்.

அவர் படித்தார். கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்தார். பேனாவை எடுத்து "மேனேஜருக்காக" என்பதை ஒரே கோடாக அடித்துவிட்டு என் பக்கம் தள்ளினார். அவர் அடித்ததில் எனக்குப் பிடித்த முதல் அடித்தல்.

சாயங்காலம் ஷெட் வழியாக வந்தேன். பன்னிரண்டாவது மிஷின் கடைசியில் தனியாக நிற்கிறது, பெல்ட் இல்லாமல், மேலே சாக்கு போட்டு. அதன் மேல் யாரோ சாக்கட்டியால் எழுதியிருக்கிறார்கள்: ஜோசப்பின். சேவியரைக் கேட்டால் எனக்குத் தெரியாது என்கிறார். அவர் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

அழிக்கச் சொல்லவில்லை.